குகை எங்கே இருக்கிறது

மிதுனா காட்டில் காணாமல்போய் நான்கு நாளாகிவிட்டது. அவளைத் தொடர்ந்து பறந்த கேமரா மட்டும் காணாமல்போன அன்று மாலையே, படத்தை முடித்துக்கொண்டு திரும்பி வந்தது. எடுத்ததோடு தானாகவும் காட்சிகளைச் சேர்த்துக் கதையாக்கி, எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டு, முடித்த படத்தை மட்டும் தருவதுதான் அதன் வழக்கம். படத்தில் மிதுனா கரடியிடமிருந்து தப்பி ஓடுகிறாள், ஓடையைத் தாண்டுகிறாள், ஒரு குகையில் ஒளிந்துகொள்கிறாள். கடைசியில் அம்மாவிடம் வந்து சேர்ந்துவிடுகிறாள்.

அந்தக் குகையைத்தான் முப்பது பேர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல இருந்து ஒருக்கா பாருங்கம்மா," என்றார் ரேஞ்சர் காளியப்பன். "எது நெசம், எது அதுவா சேத்ததுன்னு எங்களுக்குப் புரியல."

மிதுனாவின் அம்மா சுகன்யா இதுவரை கடைசிக் காட்சியை மட்டுமே பார்த்திருந்தாள். மகள் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தாள்.

இரண்டாம் நிமிடத்திலேயே, "நிறுத்துங்க," என்றாள்.

திரையில் மிதுனா குனிந்து தன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு லேஸ் கட்டத் தெரியாது சார்."

காளியப்பன் திரையை உற்றுப் பார்த்தார். குழந்தைக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துமிடம்தான் தெரிந்தது. அப்படியானால் இங்கிருந்தே எல்லாம் கேமரா சேர்த்தது; கரடி, ஓடை, குகை எதுவுமே இல்லை.

அவர் படத்தைச் சற்றுப் பின்னால் தள்ளினார். லேஸ் அவிழ்ந்த காலை நீட்டியபடி மிதுனா காரைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "அம்மா, கட்டி விடும்மா."

"அப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"காருக்குள்ள," என்றாள் சுகன்யா. "படத்துல ஆபத்து எவ்வளவு வேணும்னு அந்தக் கேமரா போன்ல கேட்டுச்சு. நிறையன்னு அழுத்திட்டு இருந்தேன்."