முட்டி போட்டால் வாந்தி

வருவது வெறும் மஞ்சள் தண்ணீர்தான். மலம் வெளியேற வயிற்றில் ஒட்டியிருந்த பையை ஜெபராணி தடவிப் பார்த்தாள். பேதி மருந்து வேலையை முடித்துவிட்டது. வெட்டியெடுத்த புற்று திரும்பி வந்திருக்கிறதா என்று நாளை குடலுக்குள் பார்க்கவேண்டும். ஆனால் ‘குடல் சுத்தம்’ என்று வீட்டிலிருக்கும் பேசும் டாய்லெட் சோதித்துச் சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்குள் விடுவார்கள்.

எப்போதும்போல அதன் முன்னால் முட்டி போட்டு, பையின் வாயைத் திறந்து ஊற்றினாள்.

“வாந்தி எடுக்கிறீர்கள்,” என்றது டாய்லெட். “மருந்தை நிறுத்துங்கள். பரிசோதனை தள்ளிவைக்கப்படுகிறது.”

போன மாதமும் இதே கூத்து.

“வாந்தி இல்ல, சனியனே! எனக்கு வழி வயித்துல இருக்கு!”

“உட்கார்ந்து போகவும்.”

“அடியிலதான் தைச்சு மூடிட்டாங்களே! எங்க உக்காந்து போக?”

சத்தம் கேட்டுக் கணவர் ஆசீர்வாதம் வந்தார்.

“எந்திரிட்டி. உனக்குப் பதிலா நான் உக்காருதேன். அதுக்கு ஆளா தெரியப்போகுது?”

உட்கார்ந்தார். டாய்லெட்டுக்கு மனம் குளிர்ந்துபோனது.

“நன்றி, ஜெபராணி. இப்போது சரியாக உட்கார்ந்தீர்கள். ஆனால் குடல் சுத்தமாகவில்லை. காலைக்குள் சுத்தமானால் நாளையே பரிசோதனை.”

ஜெபராணிக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது. “புட்டும் பயறும் ஒரு வெட்டு வெட்டிட்டு வந்து உக்காந்தா, அது பின்ன என்ன சொல்லும்?”

ஆசீர்வாதம் சமையலறைக்குப் போய், மிச்சமிருந்த பேதி மருந்தை ஒரு ஜாடித் தண்ணீரில் கரைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தார்.

“நீ போய்ப் படு,” என்றார். “விடியுற வரைக்கும் டாய்லெட் எனக்கு வேணும்.”