நம்பத்தகுந்த நபர்

அலுவலக வேலைக்கான பாதுகாப்பு இணைப்பான விபிஎன்னைப் பிரவுசரில் திறந்தால் வீட்டுக் கதவும் பூட்டிக்கொள்ளும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மெர்லின் யாரை நம்புவதாகச் சொல்கிறாளோ, அவருக்கு மட்டுமே அது திறக்கும்.

வெளியே அவள் கணவன் ஜெபராஜ் கதவை உதைத்தான்.

"திறடி. என் வீட்டுக்குள்ள வர உன் கம்பெனிகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

"கம்பெனிகிட்ட இல்ல. என்கிட்டதான் கேக்குது."

திரையில் கேள்வி நின்றது: இவரை நம்புகிறீர்களா?

நேற்று அவள் குளிக்கப் போயிருந்தபோது, மூடாமல் விட்ட லேப்டாப்பிலிருந்து அவள் பெயரில் ராஜினாமா அனுப்பியவன் அவன். வேலையைத் திரும்ப வாங்க, காலையெல்லாம் மேனேஜரிடம் கெஞ்சியிருந்தாள்.

'இல்லை' என்பதை அழுத்தினாள். உடனே 'டிங்' என்ற சத்தத்தோடு அடுத்த கேள்வி வந்தது.

"இப்ப என்னடி கேக்குது?"

"இதையே எப்பவும் ஞாபகம் வெச்சுக்கட்டுமான்னு கேக்குது" என்றபடி டிக் செய்தாள்.