பழனிக்கு நேர்ந்த முடி

பெற்ற பிள்ளையின் உடம்பில் விஷம் ஏறியிருக்கிறது என்று சொன்னால் எந்தத் தாயாவது சிரிப்பாளா? நாகம்மா சிரித்தாள்.

பகவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மௌலா அலி வட்டாரத்துப் பிள்ளைகளின் முடியை வாங்கிப் போய், அதில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பது அவள் வேலை. இந்த வீட்டு முடியில்தான் மற்ற பிள்ளைகளைவிடப் பல மடங்கு. இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்தாள்.

வந்தால், வாசலிலேயே கட்டிலில் புருஷன் சின்னசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

"அந்தாளைப் பாக்காதீங்க டாக்டரம்மா. நேத்து ஊத்துனது இன்னும் இறங்கல" என்று சொல்லித்தான் நாகம்மா உட்காரவே வைத்தாள்.

அப்பன் குடிகாரன். அம்மா சிரிக்கிறாள். நல்ல குடும்பம் போ என்று நினைத்துக்கொண்டாள் பகவதி.

"சிரிக்கிற விஷயமில்லை நாகம்மா. ஈயம் குழந்தையோட மூளையையே கெடுத்துடும். இன்னைக்கே இளங்கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"நக்கோ, நான் வரமாட்டேன்" என்று அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டான் நாலு வயசு இளங்கோ. ரிப்பன் வைத்த பின்னல் மட்டும் வெளியே தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அது இவன் முடியே இல்ல."

"என்னது?"

"இவன் தலையில கத்தரி படக்கூடாது. இந்தாளு குடிய விட்டா இவனுக்கு மொட்டை போடறேன்னு பழனிக்கு நேந்திருக்கேன். நீங்க முடி வெட்டி வைக்கச் சொல்லி கவரைக் குடுத்துட்டுப் போயிட்டீங்க. வெயில்ல நடந்து வர்றவங்களை வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. அதான், அந்தாளு தூங்கறப்ப ஒரு கொத்து நறுக்கிப் போட்டேன். அப்பன் முடியும் புள்ள முடியும் ஒண்ணுதானேன்னு."

பகவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திட்டக்கூடத் தோன்றவில்லை. இளங்கோவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவருக்கு எங்கே வேலை?"

"பேட்டரி கம்பெனியில. ஈயம் உருக்கற வேலை."

"வயித்து வலி எப்போலேர்ந்து?"

"குடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்துதான். கை நடுங்கும், சோறு இறங்காது. கேட்டா, தொடவே இல்லைன்னு புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணும்."

"அவர் குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா? வாடையாவது வருமா?"

நாகம்மா யோசித்தாள். "வாடை வராத சரக்குன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

"குடிச்சாத்தான் கை நடுங்கணும்னு இல்லை நாகம்மா. ஈயம் ஏறினாலும் இது எல்லாமே வரும். பயப்படாதீங்க, மருந்து இருக்கு. அந்த வேலையை விட்டு வேற வேலைக்குப் போனா தேறிடுவார். பையனுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். ரிக்‌ஷா கூப்பிடுங்க."

சின்னசாமி கண்ணைத் திறந்தான். "நாந்தான் சொன்னேனே புள்ள" என்றான். சண்டை போடத் தெம்பில்லை அவனுக்கு.

நாகம்மா தெருவுக்கு ஓடிப்போய்க் கைதட்டிக் கூப்பிட்டாள். ரிக்‌ஷா வந்ததும் அவனைத் தன் தோளில் சாய்த்து ஏற்றினாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

"இவரு எந்திரிச்சு நடமாடட்டும், பழனிக்குப் போறோம் டாக்டரம்மா. மொட்டை இவனுக்கில்ல. இந்த வாயால இவரைக் குடிகாரன்னு சொன்னேன்ல, எனக்கு."