நிற்காத ஜீப்

"நிறுத்தமாட்டேன். வேணும்னா ஏறி உட்கார்ந்துக்கோங்கோ, மலையைப் பார்த்துண்டு வரலாம். ஆனா கோயில் வாசல்ல என் வண்டி நிக்காது."

பராசரன் இப்படிப் பட்டென்று சொன்னதும் அவன் மனைவி ஸரஸாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

கேட்டவள் பக்கத்து வீட்டு சுந்தராம்பாள். பர்மா சண்டைக்குப் போன மகன் உயிரோடு திரும்பினால், மாதேஸ்வரன் மலைக்கு வந்து தன் கையாலேயே காணிக்கை போடுவதாக வேண்டிக்கொண்டவள். மகன் வந்து வருஷங்கள் ஆயிற்று. அதற்குள் அவளுக்கு முழங்கால் போய்விட்டது. மலைக்கு பஸ்ஸும் கிடையாது.

"சரிங்க சாமி. போற போக்குல ஒரு கும்புடு போட்டுக்கறனுங்க" என்று மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"ஏன்னா, ஒரு நிமிஷம் நிறுத்தினா என்ன குறைஞ்சு போயிடும்?" ஸரஸா காதோடு கேட்டாள்.

"பந்தயம் என்னாறது? அதோட, எங்க வம்சத்துல சிவன் கோயில் வாசல்ல யாரும் நின்னதில்லே. என் வண்டியும் நிக்காது."

பந்தயம் கட்டியவன் ஆபீஸ் சிநேகிதன் அய்யாவு. மலையடிவாரத்தில் கிளம்பி, கோயில் வாசலில் திரும்பி, மறுபடி அடிவாரம் வரும்வரை வண்டி ஒரு தடவைகூட நிற்கக்கூடாது. நின்றால், ஜீப்பின் மூஞ்சியில் அய்யாவு 'டப்பா' என்று பெயின்டால் எழுதுவான். அதைப் பராசரன் ஒரு மாசம் மைசூர் முழுக்க ஓட்ட வேண்டும்.

பராசரனுக்கு அந்த ஜீப்மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இருக்காதா பின்னே! யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டபோது, எஞ்சினுக்குள் எலி குடியிருந்த வண்டி அது. கொல்லைப்புறத்தில் போட்டு அக்கக்காகப் பிரித்தான். நஞ்சன்கூட்டில் ஒரு பழைய லாரியிலிருந்து பட்டை ஸ்பிரிங் வாங்கிவந்து அடியில் பூட்டினான். மேலே போட்ட கான்வாஸ் கூரை ஸரஸா தைத்தது. தையல் மிஷின் ஊசிகள் முறிந்ததுதான் மிச்சம் என்று அலுத்துக்கொள்வாளே தவிர, அவளுக்கும் உள்ளூர அத்தனை கர்வம்.

அடிவாரத்தில் பராசரன் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரைப் போட்டான். மாட்டு வண்டியே திணறும் பாதை. பாறைமேல் ஏறி, பள்ளத்தில் இறங்கி, ஓடைத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஜீப் முன்னேறியது. காட்டுக்குள் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"ஸ்வாமி, பஹள ஜோரு! ரொம்ப ஜோர்தான், ஒத்துக்கறேன்" என்றான் முன்சீட்டில் கூடவே வந்த அய்யாவு, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு.

ஸரஸாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பக்கத்தில் சுந்தராம்பாள் மஞ்சள் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓடற வண்டியிலிருந்து யாரு கையிலயாச்சும் குடுத்துற முடியுமா அம்மணி?" என்று கேட்டபோது, அந்தப் பெருமையே கசந்தது. இவ்வளவு பிடிவாதக்காரரா என் அகத்துக்காரர் என்று மனம் பொருமியது.

கோயில் வாசல் வந்தது.

ஜீப் இரண்டு குலுக்குக் குலுக்கியது. நின்றேவிட்டது.

"என்ற மாதேஸ்வரா!" சுந்தராம்பாள் அலறினாள். "பாத்தீங்களா சாமி, என்ற சாமியே நிறுத்திப்போட்டாரு!"

ஸரஸா அவளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டாள். நொண்டிக்கொண்டே அவள் உள்ளே போன வேகத்தைப் பார்க்கவேண்டுமே!

பராசரன் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான். அய்யாவு விழுந்து விழுந்து சிரித்தான். தானே உட்கார்ந்து ஸ்டார்ட்டரை மிதித்துப் பார்த்தான். வண்டி கரகரவென்று இருமியதே தவிர, உயிர் வரவில்லை.

சுந்தராம்பாள் அழுத கண்ணும் சிரித்த வாயுமாகத் திரும்பி வந்து ஏறினாள். பராசரன் எதையோ தட்டி, எதையோ முடுக்கினான். ஒரே மிதியில் எஞ்சின் உறுமியது.

மறுநாளே அய்யாவு பிரஷ்ஷும் கையுமாக வந்துவிட்டான். கன்னடத்தில் ஒரு 'டப்பா', தமிழில் ஒரு 'டப்பா'. தெருவே கூடிச் சிரித்தது.

ஸரஸாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டம் கலைந்ததும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு வந்து நின்றாள்.

"பந்தயமாவது ஒண்ணாவது! நான் அழிக்கத்தான் போறேன். இத்தனை பாடுபட்டு என்ன பிரயோஜனம்? அப்படி என்னதான் கோளாறு அதுல?"

"கோளாறா? நம்ம வண்டியிலயா?" பராசரன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஸ்விட்சை நான்தான் அணைச்சேன். அய்யாவு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பான்னு, எஞ்சினுக்குப் பொறி கொண்டுபோற ரோட்டரையும் கழட்டிச் சட்டைப் பையில போட்டுண்டேன்."

ஸரஸா அவனருகே நெருங்கி வந்தாள்.

"நிறுத்தறேன்னு முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா?"

"சொல்லியிருந்தா, தன்னால நான் தோத்துடுவேன்னு அந்த அம்மா வண்டியிலயே ஏறியிருக்கமாட்டா. இப்போ பாரு, சாமியே நிறுத்தினார்னு தெருவெல்லாம் சொல்லிண்டிருக்கா. அந்தப் பேர் மாதேஸ்வரனுக்கே இருந்துட்டுப் போகட்டும்."

ஸரஸா கையிலிருந்த துணியைத் தூக்கி எறிந்தாள்.

"சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போகணும். இந்த ஜீப்புலேயே போகலாம். நான் முன்சீட்டுல உட்கார்ந்துண்டு வரேன்."