பூஜ்யத்தில் நிற்கும் முள்

முள் பூஜ்யத்தில் நின்றது.

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அழுத்தம் காட்டும் கேஜை மறுபடி பார்த்தான். பூஜ்யம்தான்.

"அப்புறம் என்ன? திற."

கதவைத் திறக்க வேண்டிய தொழிலாளி பக்கிரிசாமி அசையவில்லை. அவனைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் தொழிலாளி யாரையும் அவன் நீ என்றுதான் கூப்பிடுவான்.

எதிரே ஆள் மார்பகலத்துக்கு வட்டமான இரும்புக் கதவு. அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே ஓர் எலுமிச்சம்பழம். கீழே தட்டில் கற்பூரம், கொளுத்தாமல். எண்ணெய்க் குழாய் நிலையம் அல்லவா, தீப்பெட்டியைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கதவுக்குப் பின்னால் பிக் வந்து உட்கார்ந்திருந்தது. அறுபது கிலோமீட்டர் குழாய்க்குள் ஓடி, உள்சுவரில் படிந்த மெழுகையெல்லாம் வழித்துத் தள்ளிக்கொண்டு வந்த ரப்பர் உருளை. இங்கே எல்லோருக்கும் அது பன்னி.

குழாய் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. இதுதான் முதல் பன்னி.

குழாயையும் இந்தக் கதவையும் வரைந்த பொறியாளன் அவன். தலைமைப் பொறியாளர் பந்தலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பன்னி வெளியே வந்ததும் படம் எடுப்பார்கள். அப்புறம் மேடையில் அவனுடைய பதவி உயர்வைச் சொல்வார்கள்.

"முள்ளு பூஜ்யத்துலதாங்க சார் இருக்கு," என்றார் பக்கிரிசாமி. "பன்னி வந்து மோதுனப்பவும் பூஜ்யத்துலதாங்க இருந்துச்சு."

அதை அவனும் பார்த்திருந்தான்.

பன்னி மோதியபோது குழாய் அதிர்ந்தது. தரை அதிர்ந்தது. எலுமிச்சம்பழம் உருண்டு விழ, மறுபடி எடுத்து வைத்தார்கள். முள் மட்டும் அசையவில்லை. கேஜுக்குப் போகும் துளையை மெழுகு அடைத்துவிட்டது. உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அந்த முள்ளுக்கு எப்படித் தெரியும்?

வால்வை மூடி, உள்ளே இருந்த எண்ணெயை வடித்தார்கள். ஒரு வாளி வந்தது. நின்றுவிட்டது.

தீர்ந்துவிட்டதா, அங்கேயும் அடைத்துக்கொண்டதா? அடைத்திருந்தால், திறந்த மறுகணம் கதவும் பன்னியும் பீரங்கிக் குண்டு மாதிரி பாயும்.

இரண்டாவது கேஜ் ஒன்று இருந்தால் சொல்லியிருக்கும். முதல் வரைபடத்தில் இருந்தது. சிவப்பு மையால் அடித்தவன் அவனேதான். உள்ளே அழுத்தம் இருந்தால் சீறிக் காட்டிக்கொடுக்கிற சின்னத் திருகு ஒன்றும் அந்த வரைபடத்தில் கதவில் இருந்தது. அதையும் அடித்தான். வீண் அலங்காரம் என்றான் கூட்டத்தில். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஒதுங்கி நின்று கதவைத் திறக்கப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் வேறொரு குழாயைக் கொண்டுபோனான்.

இப்போது திறக்கிறவர் கதவுக்கு நேரே நெஞ்சைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். மகாராசன், அவ்வளவு யோசித்து வரைந்திருந்தான்.

"அரை மணி நேரம் குடுங்க சார். கேன்டீன்ல வெந்நீர் கொண்டாந்து ஊத்துனா மெழுகு எளகிடும். முள்ளு உண்மையச் சொல்லிடும்."

அரை மணி நேரம்.

தலைமைப் பொறியாளர் எழுந்து வருவார். என்னய்யா தாமதம் என்பார். இன்னொரு கேஜ் எங்கே என்பார்.

"பயமா இருந்தா சொல்லு," என்றான் அவன். "உன் மாப்ள நிக்கிறான்ல. அவன் திறப்பான்."

படுபாவி, எங்கே கை வைத்தான் பாருங்கள்!

கலியமூர்த்தி, பக்கிரிசாமியின் தங்கை புருஷன். வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிவந்துவிட்டான். கையுறையைக்கூட மாட்டிக்கொண்டான்.

"நான் தெறக்குறேன் சார்."

பக்கிரிசாமி கலியமூர்த்தியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கதவுக்கு நேரே போய் நின்றார்.

அவர் முகத்தில் கோபம் இருந்தது. பயமும் இருந்தது.

அவருக்குப் பின்னால், அதே நேர்க்கோட்டில், கேமராக்காரர் ஒருவர் குறி பார்த்துக்கொண்டு நின்றார். அவன் அவரைக் கைதட்டிக் கூப்பிட்டான்.

"அங்க வெயில் மூஞ்சியில அடிக்கும். இப்படி வந்துடுங்க."

வெயில் அந்தப் பக்கமே இல்லை. மேலே தகரக் கூரை.

கேமராக்காரர் அவன் காட்டிய இடத்துக்குப் போனார். கான்கிரீட் சுவருக்குப் பின்னால். அவனும் கூடவே போனான்.

பக்கிரிசாமி அந்தச் சுவரைப் பார்த்தார். சந்தனம் வைத்த கதவைப் பார்த்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"கேட்டுக்கு வெளியில வண்டியில என் சோத்து டப்பா இருக்கு. எடுத்துக்கிட்டு வா."

"இப்பவா மச்சான்?"

"இப்பத்தான்."

கலியமூர்த்தி முனகிக்கொண்டே போனான். அவன் கேட்டைத் தாண்டும்வரை பக்கிரிசாமி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பிடியில் கையை வைத்தார்.

"தெறக்கவா சார்?"

அவன் சுவருக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினான். இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்தியிருந்தான்.

"முள்ளுதான் பூஜ்யத்துல இருக்கே," என்றான். "திற."