பழுப்புத்தாள் பொட்டலம்

"ஒரு பல் பிரஷ். அதுக்கு ஒரு பழுப்புத்தாள், அதுக்கு மேல நீல நூல், அதுக்கொரு முடிச்சு. உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா, ஆர்வில்?"

அவர் மனைவி வெர்னா கேட்டது கடையிலிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அவள் குரல் அப்படி.

ஆர்வில் பிரஷ்ஷைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளின் ஷேவிங் சோப்புக்குத் தாள் கிழித்தார்.

அயோவாவில் அந்தச் சின்ன ஊருக்கு இருபது வருஷமாக அவர்தான் மருந்துக்கடைக்காரர். ஒரு மாதமாகத்தான் இந்தக் கிறுக்கு. இருமல் மருந்தா, சுற்று. சீப்பா, சுற்று. வரிசை வாசல் வரை நின்றது.

"சோப்பைத் திருடிட்டா போறேன்? அப்படியே குடுப்பா" என்றார் கிளைட். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களைக் கிண்டலடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம்.

"ரெண்டே நிமிஷம், கிளைட்."

"எதிர்க்கடைக்குப் போயிருந்தா இந்நேரம் முகமே மழிச்சிருப்பேன்."

வெர்னா சன்னல் வழியே எதிர்க்கடையைப் பார்த்தாள். எதிர்க்கடை திறந்து ஆறு வாரம்தான். பாதி ஊர் அங்கே போய்விட்டது. மிச்சப் பேரையும் இந்த மனுஷன் நூல் கட்டியே விரட்டிவிடுவார். கடை போனால் அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை.

அந்த நேரம் பார்த்து பெண்களுக்கான நாப்கின் செய்யும் கம்பெனியின் விற்பனையாளர் பெல்நாப் உள்ளே வந்தார். வெர்னா அவரை விடவில்லை.

"நீங்களாவது சொல்லுங்க. தாளு, நூலு எல்லாம் நீங்க ஆரம்பிச்சு வெச்சதுதானே?"

பெல்நாப் குரலைத் தாழ்த்தினார். "எங்க சரக்கை மட்டும்தாம்மா சுத்தச் சொன்னோம். இதோ, புது விளம்பரம்."

அதில் பட்டுக் கவுன் போட்ட ஒரு சீமாட்டியின் படம். கீழே நாலு வரி: 'வாய் திறந்து கேட்க வேண்டாம். இந்தச் சீட்டை வெட்டி நீட்டுங்கள். பொதிந்து தருவார்கள். யாருக்கும் தெரியாது.'

"எவ்வளவு நாகரிகம் பாருங்க. என்ன சாமான்னு ஒரு வார்த்தை இல்ல. ஆனா சோப்புக்கும் சீப்புக்கும் எதுக்கு சார் தாளு?" என்று பெல்நாப் ஆர்வில் பக்கம் திரும்பினார்.

ஆர்வில் நூலைக் கீழே வைத்தார்.

"போன மாசம் நம்ம லியோட்டா டீச்சர் இந்த மாதிரி பொட்டலத்தோட படியிறங்கினாங்க. 'இன்னிக்கு டீச்சர் கிட்ட யாரும் நெருங்காதீங்கப்பா, கடிச்சிடுவாங்க'ன்னு பெஞ்சுல ஒரே சிரிப்பு. அவங்க கண்ணு கலங்கினதை நான் இங்கேருந்து பார்த்தேன். அப்புறம் இந்தப் பக்கமே வரல. ரயிலேறி அடுத்த ஊருக்குப் போய் வாங்குறாங்களாம்."

ஆர்வில் அந்த விளம்பரத்தைப் பெல்நாப் பக்கமே தள்ளினார்.

"அப்போ பழுப்புத்தாள்ல போன சாமான் இந்த ஊர்ல அது ஒண்ணுதான் சார். நீங்க மூடி அனுப்பினீங்க. அதனாலதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது."

கிளைட்டின் காது சிவந்தது. பாதி சுற்றியிருந்த தாளிலிருந்து சோப்பை மெல்ல உருவிப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நழுவினார்.

"நில்லுங்க கிளைட்."

வெர்னாவின் குரல் எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அவள் நீல நூலை எடுத்து ஒரு முழம் இழுத்தாள்.

"சோப்பைக் குடுங்க. கட்டாம ஒரு சாமான் இந்தப் படியைத் தாண்டக் கூடாது."