கை படாத பொருள்

"வருஷக்கணக்கா யாரும் கை வைக்காதது எதுவும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்று சட்டம் போட்டவளே அவள்தான். மாமியாரின் தையல் மிஷினை வாசலில் தள்ளியபோது அந்த அம்மாள் கண் கலங்கினாள்.

"அழுதா இடம் கிடைக்குமா, அத்தை?"

அதன்பின் வீடே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. விடிவதற்குள் பழைய நாற்காலியும் மெத்தையும் தாமாகவே வாசலுக்கு வந்திருந்தன. ஹாலில் தனியாகப் படுக்கும் கணவனிடம் அவள் பெருமையடித்துக்கொண்டாள். அவன் திரும்பிப் படுத்தான்.

ஒரு காலை முதுகில் சில்லென்று சிமெண்டு பட, அவள் கண் விழித்தாள். எதிரே குப்பை வண்டி. வீட்டுக்கதவு சாத்தியிருந்தது.

"இதையும் ஏத்திக்கலாமா சார்?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார் வண்டிக்காரர்.

கணவன் கொஞ்சம் யோசித்தான்.

"ஏத்திக்கோங்க. வருஷக்கணக்கா ஆச்சு."